அடையாறு பஞ்ச்: ஒரு கோடைக்கால லேப் ரெக்கார்டு

போன வருஷம் ஏப்ரல் மாசம், டிபார்ட்மென்ட் சிம்போசியம். நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்டால் போட்டோம். போர்டுல பெரிசா "சம்மர் காக்டெய்ல்"னு எழுதி வெச்சதைப் பார்த்துட்டு ஹெச்.ஓ.டி. ரெண்டு தடவை வந்து கிளாஸை மோந்து பார்த்துட்டுப் போனார். உள்ளே இருந்தது தர்பூசணி, எலுமிச்சை, சர்க்கரை, புதினா, நிறைய ஐஸ். அவ்வளவுதான். மதியம் ரெண்டு மணிக்குள்ள எண்பது கிளாஸ் காலி. செலவு போகக் கையில ஆயிரத்து நூறு ரூபாய். அன்னிக்கு ராத்திரி எல்.பி. ரோட்டுல பரோட்டா சாப்பிட்டுக்கிட்டே, வேலைக்கே போகாம இதையே தொழிலா பண்ணிடலாமான்னு பேசினோம்.

மறுநாள் காலையில ஏழு பேருக்கு வயித்துப்போக்கு. அதுல ஒருத்தன் என் ரூம்மேட். மதியம் வரைக்கும் தாங்கிப் பார்த்தான். அப்புறம் எழுந்து நிக்கவே முடியல. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. டாக்டர் ரொம்பப் பேசல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஐஸ் எங்கப்பா வாங்குனீங்க?"

கோணிப்பையில சுத்தின கட்டி ஐஸ். மீன் பெட்டியில போடுறதுக்குன்னே செய்யுற ஐஸ். சுத்தியலால உடைச்சு, பக்கெட்ல போட்டு, பெருமையா கொண்டு வந்தது நான்தான். அதனால இந்த வருஷம் ஆசிரியர் குழு "கோடைக்கு ஏத்த மாதிரி ஏதாவது எழுது"ன்னு கேட்டப்போ, வேற தலைப்பு யோசிக்கவே இல்ல. வீட்டுல ஒரு நல்ல பழக் காக்டெய்ல் எப்படிப் போடுறது, எங்கெங்க சொதப்பலாம், ஏன் சொதப்புது. பாதி சமையல், பாதி தெர்மோடைனமிக்ஸ்.

முதல்ல அந்தப் பேர் விஷயத்தை முடிச்சிடுவோம். காக்டெய்ல்னதும் கற்பனையைப் பறக்கவிட்டவங்க தரையிறங்கலாம், இதுல ஆல்கஹால் கிடையாது. நீதி போதனைக்காகச் சொல்லல. சிறுநீரகத்தைத் தண்ணி சேமிக்கச் சொல்லும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடும். சிறுநீர் வழக்கத்தைவிட அதிகமாக வெளியே போகும். வேர்த்துக் கொட்டுற சென்னை மே மாதத்துல அது எந்த அளவுக்குப் புத்திசாலித்தனம்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

ஆனா "பஞ்ச்"னு ஒண்ணு இருக்கு. அதுக்கும் நமக்கும் பழைய உறவு. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் இங்கே சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்தைக் கலந்து குடித்தார்கள். ஆங்கிலக் கடிதங்களில் 1632-லேயே அந்தச் சொல் வந்துவிட்டது. 1670-களில் இந்தியாவில் சுற்றிய, மதராஸுக்கும் வந்துபோன ஜான் ஃப்ரையர் என்ற கம்பெனி மருத்துவர், ஐந்து பொருள் சேர்வதால் "ஐந்து" என்ற இந்துஸ்தானிச் சொல்லே பெயராச்சு என்று எழுதி வைத்திருக்கிறார். அதாவது பாஞ்ச். இந்தச் சொல்லாராய்ச்சியை ஏத்துக்காதவங்களும் உண்டு. எனக்கு அது உண்மையா இருக்கணும்னு ஆசை. காரணம், எங்க வீட்டு ஓனர் மாமி ஸ்ரீராமநவமிக்கு ஒரு சொம்பு நிறையக் கொண்டு வந்து கொடுத்த பானகம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், தண்ணீர். எண்ணிப் பாருங்க, அஞ்சு. சாராயம் இருக்க வேண்டிய இடத்துல சுக்கு உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமிகிட்ட இந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னேன். "பெருமாளுக்குப் பண்றதைக் கொண்டுபோய் எதோட சேர்க்கறே பாரு"ன்னு சிரிச்சாங்க. மயிலாப்பூர்ல அறுபத்து மூவர் அன்னிக்கு மாடவீதி பூரா மோரும் பானகமும் கொடுப்பாங்களே, போயிருக்கீங்களா? பங்குனி வெயில்ல மணிக்கணக்கா நின்ன கால்களுக்கு அந்த ஒரு டம்ளர் என்ன பண்ணும்னு குடிச்சவங்களுக்குத் தெரியும்.

ஆக இனிப்பு, புளிப்பு, காரம், வாசனை, தண்ணீர். இந்த ஐந்துதான் நம்ம ஃப்ரேம்வொர்க். பழம் எதுவானாலும் சட்டம் இதுதான். நான் எடுத்துக்கிட்டது தர்பூசணி. திண்டிவனம், மரக்காணம் பக்கம் விளைஞ்சு லாரி லாரியா நம்ம ஊருக்கு வருது, விலையும் மாணவர் பட்ஜெட்டுக்குள்ள அடங்குது.

இப்போ ஐஸ். இந்தக் கட்டுரையோட முக்கால்வாசி உயிர் இங்கதான் இருக்கு.

திருவல்லிக்கேணி கடற்கரை ஓரமா இருக்கிற ஐஸ் ஹவுஸ், இப்போ விவேகானந்தர் இல்லம், நிஜமாவே ஐஸ் வெச்ச வீடு. 1842-ல் கட்டினாங்க. ஃப்ரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளை அறுத்து, மரத்தூளுக்குள் பொதிந்து, கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் கடல் தாண்டி இங்கே கொண்டு வந்து விற்றார். 1833-ல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்கில் பாதிக்கு மேல் உருகாமல் சேர்ந்ததாம். வெப்பமண்டலக் கடலில் நாலு மாதப் பயணம், இன்சுலேஷன் மரத்தூள்! ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல அரியர் வெச்சவங்க ஒரு தடவை அந்தக் கட்டடத்துக்குப் போய் வணக்கம் போட்டுட்டு வரலாம்.

டியூடர் நம்பினது பனிக்கட்டி உருகுறதுக்குக் கேட்கும் வெப்பத்தை. 1 கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேணும். நம்ம கிளாஸும் அதை நம்பித்தான் குளிருது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அறை வெப்பத்தில், அதாவது 32 டிகிரியில், 200 மில்லி ஜூஸ் இருக்கு. அதை 4 டிகிரிக்குக் கொண்டு வரணும். 200 × 4.2 × 28, கிட்டத்தட்ட 23,500 ஜூலை வெளியே எடுக்கணும். 1 கிராம் ஐஸ் உருகி, பிறகு 0-விலிருந்து 4 டிகிரிக்கு ஏற, மொத்தம் 351 ஜூல் வாங்கிக்கும். வகுத்தால் 67 கிராம். உங்க 200 மில்லி ஜூஸ்ல 67 மில்லி வெறும் தண்ணி சேர்ந்தாச்சு. மூணுல ஒரு பங்கு! ஸ்டால்ல எல்லாரும் "ஜூஸ் தண்ணியா இருக்கு மச்சி"ன்னு சொன்னதுக்குக் கஞ்சத்தனம் மட்டும் காரணமில்ல, இயற்பியலும்தான்.

இதே ஜூஸை ஃப்ரிட்ஜ்ல வெச்சு 8 டிகிரிக்குக் கொண்டு வந்துட்டு அப்புறம் ஐஸ் போட்டா? 200 × 4.2 × 4, அதாவது 3,360 ஜூல். பத்து கிராம் ஐஸ் போதும். ஒரு சின்ன க்யூப். ருசி அப்படியே இருக்கும். அதனால விதி ஒண்ணு: கிளாஸுக்குள்ள போற எல்லாத்தையும் முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல தள்ளிடுங்க. பழம், சிரப், சோடா, முடிஞ்சா கிளாஸையும்கூட.

இதைவிட நல்ல வழியும் இருக்கு. தர்பூசணியை ஒரு அங்குலத் துண்டுகளா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தட்டுல பரப்பி, ஃப்ரீசர்ல உறைய வெச்சிடுங்க. தர்பூசணியில 90 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், ஜம்முனு உறையும். அதுதான் உங்க ஐஸ். உருகினாலும் கிளாஸுக்குள்ள போறது பழம்தான்.

சுத்தம் பத்தி ரெண்டு வார்த்தை, இது கிண்டல் இல்லாத பகுதி. உறைய வெச்சா கிருமி செத்துடும்னு நானும் நம்பிக்கிட்டிருந்தேன். பெரும்பாலானது சாகாது, தூங்கும். கிளாஸ்ல உருகினதும் எழுந்துக்கும். எந்தத் தண்ணியைக் குடிக்க மாட்டீங்களோ அந்தத் தண்ணியில செஞ்ச ஐஸையும் குடிக்கக் கூடாது. கொதிக்க வெச்சு ஆறவெச்ச தண்ணியோ, கேன் தண்ணியோ ஊத்தி வீட்டு ட்ரேயில செஞ்சுக்கோங்க. ட்ரேயைக் கழுவிட்டு ஊத்துங்க.

ஐஸ் மட்டும்தான் குற்றவாளியான்னா இல்ல. ஸ்டால்ல காலையில எட்டு மணிக்கே பழத்தை வெட்டி, மூடியில்லாத டப்பாவுல வெயில்ல வெச்சிருந்தோம். எலுமிச்சை, அன்னாசி மாதிரி புளிப்பான பழங்கள்ல கிருமிகள் வளரக் கஷ்டப்படும். தர்பூசணியும் கிர்ணியும் அப்படி இல்ல. தர்பூசணியோட பி.ஹெச். 5-க்கு மேல. சர்க்கரை, தண்ணி, வெதுவெதுப்பு, புளிப்பு இல்லாத சூழல்: மைக்ரோபயாலஜி லேப்ல கல்ச்சர் மீடியம் தயாரிச்சாலும் இதைவிட நல்லா வராது. இன்னொண்ணு, பழம் தரையில கிடந்து வளர்ந்தது. தோலைக் கழுவாம கத்தியை இறக்கினா, தோல்ல இருக்கிற மண்ணும் மத்ததும் கத்தியோடயே உள்ளே போகுது. "தோலைத்தான் சாப்பிடப் போறதில்லையே"ன்னு ஸ்டால் அன்னிக்கு நான் சொன்ன வசனம் இன்னும் காதுல கேக்குது. குழாயடியில கையால நல்லாத் தேய்ச்சுக் கழுவி, துடைச்சிட்டு வெட்டுங்க. வெட்டினதை உடனே ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளுங்க, அன்னிக்கே முடிச்சிடுங்க.

சரி, ருசிக்கு வருவோம். ஒரு சின்னச் சோதனை: ஐஸ்கிரீம் முழுக்க உருகிப் பாயசம் மாதிரி ஆன பிறகு ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. திகட்டும். சர்க்கரை கூடல, குளிர்ச்சிதான் குறைஞ்சிருக்கு. நாக்குல இனிப்பை மூளைக்குச் சொல்ற வேலையில பங்கெடுக்கும் ஒரு புரதம், பேர் டி.ஆர்.பி.எம்.5, குளிர்ல மந்தமாயிடும். அதனால சமையல்மேடையில நின்னு, சூடான ஜூஸை ருசி பார்த்துட்டு "கரெக்டா இருக்கு"ன்னா, கிளாஸ்ல குளிர்ந்த பிறகு அது சப்புன்னு இருக்கும். அறை வெப்பத்துல ஒரு இழை இனிப்பு தூக்கலாத் தெரியணும். இல்லேன்னா குளிர வெச்சே ருசி பாருங்க, அதுதான் நேர்மையான முறை.

அந்த இழை இனிப்பைச் சர்க்கரையாலதான் ஏத்தணும்னு இல்ல, உப்பாலயும் ஏத்தலாம். கொஞ்சமே கொஞ்சம் உப்பு கசப்பை அமுக்கிடும், அது அமுங்கினதும் இனிப்பு மேல வரும். ஸ்கூல் வாசல்ல கொய்யாக்காய்க்கு உப்புப் போட்டுக் கொடுத்த பாட்டிக்கு இது எல்லாம் தெரியும். ஆதாரக் கட்டுரைதான் எழுதல.

எலுமிச்சையில ஒரு கண்ணி இருக்கு. விதையோட மிக்ஸியில போட்டு அரைச்சாலோ, தோலோட கசக்கிப் பிழிஞ்சாலோ, அப்போதைக்கு நல்லா இருக்கும், அரை மணி நேரத்துல கசக்கும். விதையிலும் வெள்ளைச் சதையிலும் இருக்கிற ஒரு பொருள், புளிப்பான சாற்றில் மெதுவா லிமோனின் என்ற கசப்புப் பொருளா மாறுது. ஆரஞ்சு ஜூஸ் தயாரிக்கிற தொழிற்சாலைகளுக்கே தலைவலி கொடுக்கிற விஷயம் இது. வடிகட்டி மேல, மெல்லமா, கடைசியாப் பிழியுங்க. புதினாவையும் அரைக்காதீங்க. அரைச்சா புல் வாசனை வரும், நிறமும் கறுக்கும். உள்ளங்கையில வெச்சு ஒரு தட்டு தட்டிப் போட்டாப் போதும், இலை மேல இருக்கிற எண்ணெய்ப் பைகள் உடைஞ்சு வாசனை தானா வரும்.

அப்புறம் சோடா. 0 டிகிரியில 1 லிட்டர் தண்ணி, சாதாரண அழுத்தத்துல சுமார் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சு வெச்சுக்கும். 30 டிகிரியில அதுல பாதிகூட நிக்காது. சூடான சோடாவைத் திறந்தா முகத்துல அடிக்கறதும், கிளாஸ்ல ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல செத்துப்போறதும் இதனாலதான். இதோட பழக்கூழ்ல இருக்கிற நார்த்துணுக்கு ஒவ்வொண்ணும் குமிழி உருவாக ஒரு மேடை. உப்பும் அப்படித்தான். பெட்டிக்கடை அண்ணன் கோலி சோடாவுல உப்பைப் போட்டதும் பொங்கி வழியுதே, அதே கதை. (ஹிராம் காட் என்ற ஆங்கில இன்ஜினியர் 1870-களில் வடிவமைச்ச பாட்டில் அது. உள்ளே இருக்கிற வாயுவே கோலியைத் தள்ளி ரப்பர் வளையத்துல அழுத்தி வாயை மூடுது. தனியா மூடியே தேவையில்ல. டிசைன்னா அது டிசைன்!) அதனால ஜூஸை வடிகட்டுங்க, உப்பை ஜூஸ்லயே கரைச்சிடுங்க, சோடாவைக் கடைசியா கிளாஸ் ஓரமாச் சரிச்சு ஊத்துங்க, ஸ்பூனை ஒரே ஒரு தடவை அடியிலிருந்து மேலே தூக்குங்க.

அளவு சொல்லலேன்னா அடிக்க வருவீங்க. நாலு பெரிய கிளாஸுக்கு, தோல் நீக்கின தர்பூசணி 1 கிலோ. மிக்ஸியில தொடர்ந்து ஓட்டாம ரெண்டு மூணு சுத்து மட்டும் விட்டு விட்டு, விதை உடையாம அடிச்சு வடிகட்டினா 700 மில்லி கிடைக்கும். நாட்டுச் சர்க்கரை 40 கிராமை அதே அளவு தண்ணியில கரைச்சு வடிகட்டி ஆறவெச்சுக்கோங்க. மூணு எலுமிச்சை, 50 மில்லி சாறு. கட்டைவிரல் அளவு இஞ்சியைத் துருவிப் பிழிஞ்சு, அஞ்சு நிமிஷம் அசையாம வெச்சா அடியில வெள்ளையா மாவு படியும். தெளிஞ்சதை மட்டும் எடுத்துக்கோங்க. உப்பு கால் டீஸ்பூன். புதினா ஒரு கைப்பிடி. சோடா 300 மில்லி. கடைசியா, திருவான்மியூர் பக்கம் ரோட்டோரத்துல தள்ளுவண்டியில நுங்கு கிடைச்சா நாலு சுளை வாங்கி, மேல் தோலை உரிச்சு (அதுதான் துவர்க்கும்), துண்டு துண்டா வெட்டி மேல போடுங்க. நுங்கை அரைக்கிற பாவத்தை மட்டும் பண்ணாதீங்க. அதுக்கு ருசி கொஞ்சம்தான், சுகம் எல்லாம் பல்லுல வழுக்குறதுல இருக்கு.

தர்பூசணி பிடிக்காதவங்களுக்குப் பன்னீர் திராட்சை இருக்கு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருது, 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. அதுலயே புளிப்பு இருக்கறதால எலுமிச்சையைப் பாதியாக் குறைங்க. மாங்காயை வேகவெச்சு, வெல்லம் போட்டுக் கரைச்சாலும் அருமை. மாம்பழம்னா ஒரு எச்சரிக்கை: கார்பைடு கல் வெச்சுப் பழுக்க வைக்கறது சட்டப்படி தடை, எத்திலீன் வாயுவை அளவோட பயன்படுத்த அனுமதி உண்டு. தோல் முழுக்க ஒரே மஞ்சளா இருந்தும் வாசனையே இல்லாத பழத்தைச் சந்தேகப்படுங்க.

கடைசியா, நான் பண்ணின ரெண்டாவது தப்பு. அன்னிக்குக் காலையில ரூம்மேட் சுருண்டு படுத்திருந்தப்போ, "தெம்பா இருக்கும், குடிடா"ன்னு ஃப்ரிட்ஜ்ல மிச்சமிருந்த அதே ஜூஸைக் கொடுத்தேன். ஐஸ் விஷயத்தை விடுங்க, நல்ல ஜூஸா இருந்திருந்தாலும் அது தப்பு. ஓ.ஆர்.எஸ். கரைசல்ல லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். சிறுகுடல் சுவர்ல சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா உள்ளே போகும்போது தண்ணியும் பின்னாடியே போகுது, அந்த அளவுக்காகப் போட்ட கணக்கு அது. 1971-ல் வங்க தேச அகதிகள் முகாம்ல காலரா பரவினப்போ, ட்ரிப்ஸ் பத்தாம டாக்டர் திலீப் மஹலநபிஸ் கரைச்சுக் கொடுத்து உயிர்களைக் காப்பாத்தினது இதோட முன்னோடிக் கரைசலைத்தான். மேல சொன்ன நம்ம பஞ்ச்ல? பழத்தோட சர்க்கரையும் சேர்த்து லிட்டருக்கு 80 கிராம் பக்கம் இனிப்பு, உப்பு ஒன்றரை கிராம்கூட இல்ல. சர்க்கரை ஆறு மடங்கு, உப்பு பாதி. வயித்துப்போக்கு இருக்கறப்போ அவ்வளவு சர்க்கரை போனா, குடலுக்குள்ள தண்ணியை இழுத்து நிலைமையை மோசமாக்கும். வெயில்ல கிரிக்கெட் ஆடிட்டு வந்தவனுக்கு நம்ம பஞ்ச் ஓகே. வாந்தி, பேதின்னா மெடிக்கல் ஷாப்ல ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பாக்கெட்ல போட்டிருக்கிற அளவு தண்ணி. சோர்ந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் போறது நின்னாலோ யோசிக்காம ஆஸ்பத்திரி. நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவான ஊர் இது, 2003 மே 31. கடல்காத்து மதியம் லேட்டாகிற ஒவ்வொரு நாளும் அந்த மாதிரி நாளுக்கு ஒத்திகைதான்.

ரூம்மேட் மூணு நாள்ல எழுந்துட்டான். லாபம் ஆயிரத்து நூறும் அவன் மருந்துக்கே போச்சு, மேல எண்ணூறு கைக்காசு. இந்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை, மேல எழுதின அளவுப்படியே வீட்டுல போட்டேன். முதல் கிளாஸை அவன்தான் வாங்கினான். வாங்கிட்டு, கேன் தண்ணியோட மூடியைத் திருப்பி தேதி பார்த்துட்டு, ஃப்ரீசரைத் திறந்து ட்ரேயைப் பார்த்துட்டு, அப்புறம்தான் குடிச்சான். மாமிக்கு ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிச்சிட்டு, "நன்னா இருக்கு, ஆனா இஞ்சிக்குப் பதிலா சுக்கு தட்டிப் போட்டிருக்கலாம்"னாங்க. தர்பூசணித் தோலை என்ன பண்ணினேன்னு கேட்டாங்க. குப்பையில போடப் போறேன்னதும், "கொடு இப்படி"ன்னு கவரோட வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ராத்திரி எட்டு மணிக்குக் கீழே இருந்து குரல் வந்துது: வெள்ளைப் பகுதியைச் சீவி, பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு. சாதம் மட்டும் நாங்க வெச்சோம்.